வேம்பனார் தாழ்த்திய படிகள்

கொங்கு நாட்டில் குறும்பாறை என்னும் ஊரில் வேம்பனார் என்றோர் அடியார் வாழ்ந்திருந்தார். தேய்ந்துபோன அம்மிகளையும் ஆட்டுக்கற்களையும் உளியால் கொத்திக் கொடுப்பது அவர் பிழைப்பு. விடிந்ததும் ஊருக்கு மேற்கே நிற்கும் குன்றைப் பார்த்து, அதன் உச்சியில் கோயில் கொண்ட ஈசனைக் கும்பிடுவார். பிறகுதான் உளிப்பையைத் தோளில் மாட்டித் தெருவில் இறங்குவார்.

அந்தக் குன்றுக்கு அப்போது படி கிடையாது. ஆடு ஏறும் தடத்தில் குருக்கள் ஒருவர்தாம் தொற்றி ஏறிப் பூசை செய்து வந்தார். இருபத்தைந்து வயதில் வேம்பனார் அடிவாரத்தில் நின்று சபதம் செய்தார். "சாமி, உன் வாசல் வரைக்கும் படி வெட்டறேன். அதுல ஏறி வந்துதான் உன் முகத்தைப் பார்ப்பேன்."

வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. இரண்டே ஆண்டில் அறுபது படிகள்! ஒவ்வொன்றும் முழ உயரம். ஊரே வாய்பிளந்தது. அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, அதை மறைப்பானேன்?

அறுபத்தோராம் படியில் கரும்பாறை வந்தது. வைத்த உளியெல்லாம் மழுங்கியது. மழைக்காகப் பத்து நாள் நிறுத்தினார். பிறகு ஒரு காய்ச்சல், பிறகு ஒரு கல்யாணம், பிறகு "நாளைக்குப் பார்ப்போம்". பெருந்துன்பம் எதுவும் வந்து அவரைத் தடுக்கவில்லை, வெறும் அலுப்புத்தான். அந்த "நாளை" வராமலே முப்பது ஆண்டுகள் ஓடின. ஊரார் அவருக்கு ஆரம்பசூரர் என்று பெயர் வைத்தார்கள். காலையில் குன்றைக் கும்பிடும்போது அவர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு கார்த்திகை நாளில் மனம் பொறுக்காமல் உளியோடு கிளம்பினார். நாலாம் படியிலேயே முழங்கால் ஒத்துழைக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். கீழே சூடம் கொளுத்திக்கொண்டிருந்த மோர்க்கார நாச்சாயி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது.

"ஏனுங்ணா, உக்காந்துட்டீங்க?"

"ஏற முடியலே அம்மிணி."

"நீங்க வெட்டுன படிதானுங்களே! எளவட்டம் தாவி ஏறுற படிங்ணா இது. என்னாட்டம் கால் செத்தவ கீழயே நின்னு கும்புட வேண்டியதுதான்."

அந்தச் சொல் அவரைச் சுட்டது. தம் கால் ஒன்றையே அளவாக வைத்து வெட்டியிருந்தார். வேறு யாருடைய காலும் அன்று நினைவில் வரவில்லை. அங்கேயே அழுதார்.

மறுநாள் முதற்படிக்கு வந்து உட்கார்ந்தார். அகலமான அந்தப் படியின் முன்பாதியை அரை முழம் தாழ்த்திச் செதுக்கினார். ஒரு படி இரண்டு சின்னப் படிகளாயிற்று. அதற்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

"மேல வெட்டச் சொன்னா, வெட்டுனதையே வெட்டறாரு பாரு" என்று போகிறவர்கள் சிரித்தார்கள்.

அவரும் சலித்துத்தான் போனார். சில வாரங்கள் உளியைத் தொடவே கை வராது. முன்பானால் விட்டது விட்டதுதான். இப்போதோ எத்தனை நாள் தவறினாலும் வெட்கப்படாமல் திரும்பி வந்து, "நேத்து வரலே சாமி. இன்னிக்கு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

இப்படி எட்டு ஆண்டுகள் சென்றன. அறுபது படியும் தாழ்ந்தபோது கரும்பாறை மறுபடி எதிரே நின்றது. நாலு தட்டுத் தட்டினார். உளி பாறையில் பதியாமல் நழுவியது.

"உன் முகம் பார்க்காமலே போயிருவேன் போல இருக்குது, சாமி. ஆனாலும் நாளைக்கு வருவேன்" என்றார்.

சொன்னபடி விடியலில் வந்தார். அதே நேரத்தில் உச்சியில் கருவறையைத் திறந்த குருக்கள் அலறினார். பீடத்தில் லிங்கத் திருமேனி இல்லை! பதறிக் கீழே ஓடி வந்தவர், கடைசிப் படியருகே சட்டென்று நின்றார். கரும்பாறைமேல் ஈசன் எழுந்தருளியிருந்தார். எதிரே வேம்பனார், கண்ணை மூடாமல், கண்ணீர் வழியப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு குரல் எழுந்தது. "இவன் வராத நாளை நாம் எண்ணவில்லை. வந்த நாளையெல்லாம் எண்ணினோம். மீதித் தூரம் நாம் இறங்கினோம்."

படி முடிந்த இடமே கோயில் வாசலாயிற்று. முதல் ஆளாக அன்று ஏறி வந்தவர் நாச்சாயி. விட்டதை மறுபடி தொட்ட வேம்பனாரின் காய்த்த கைகளை நாமும் வணங்குவோம்.