பித்தளை யானை சொன்ன தீர்ப்பு

கருங்கோட்டை மன்னர் பெருமாறனிடம் ஒரு பித்தளை யானை இருந்தது. தீனி கேட்காது, சாணி போடாது, தீர்ப்பு மட்டும் சொல்லும்.

சந்தையில் யாருக்கு இடம் என்று தீர்மானிப்பது அதன் வேலை. கோட்டை வாசலைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும், தாண்டும் ஒவ்வொரு தடவையும், காவலன் அவரவர் ஓலையில் ஒரு கீறல் போடுவான், ஒருவரையும் விடமாட்டான். அந்த ஓலையை யானை வாயில் செருக வேண்டும். தும்பிக்கையைத் தூக்கினால் இடம் உண்டு. தலையை ஆட்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

யானைக்கு மன்னர் மூன்று விதி வைத்திருந்தார். யானைதான் தீர்மானிக்கும் என்று முன்பே அறிவிக்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். யானை வேண்டாம் என்பவரை மனிதர் விசாரிக்க வேண்டும்.

கீரைக்காரி பொன்னாச்சிக்கு யானை தலையை ஆட்டிவிட்டது. இருபது வருஷக் கடை! சபைக்கே வந்து அமைச்சர் விழுப்பரையரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னய்யா காரணம்?”

“அது யானையின் ரகசியம்.”

“முன்னமே ஏன் சொல்லலை?”

“கொடிமரத்து உச்சியில் எழுதி ஒட்டியிருக்கிறதே!”

“ஏறிப் படிக்க நான் என்ன குரங்கா? சரி, ஒரு மனுஷன் விசாரிக்கட்டும்.”

“அதோ விசாரணை அதிகாரி. யானை சொன்னதற்கு முத்திரை குத்துவார்.”

மன்னர் மீசையைத் தடவினார். “மூன்று விதியும் நடக்கத்தானே செய்கிறது?”

சபையில் வாயாடி என்று பேர் வாங்கிய தத்தனுக்குச் சுருக்கென்றது. காவலனிடம் ஓடிப்போய் ஓர் ஓலை வாங்கி வந்தான்.

“மகாராஜா, இந்த ஆளுக்கும் இங்கே இடம் உண்டா, பார்த்துவிடலாம்.”

செருகினான். யானை தலையை ஆட்டியது. அதிகாரி டப்பென்று முத்திரை குத்தினார்.

“யாரப்பா அந்த ஆள்?”

“தாங்கள்தான் மகாராஜா. சிம்மாசனத்தைக் காலி செய்யணும்.”

மன்னர் துள்ளி எழுந்தார். “என்னையா? ஏன்?”

“யானையின் ரகசியம்.”

“விழுப்பரையரே! காரணம் சொல்கிறீரா, யானையை உருக்கட்டுமா?”

அமைச்சர் கும்பிட்டார். “மாதம் முப்பது தடவைக்கு மேல் வாசலைத் தாண்டினால் வெளியூர் ஆள் என்று கணக்கு, மகாராஜா. தாங்கள் காலையில் ஆற்றுக்குப் போகிறீர்கள், மாலையில் குதிரையேற்றம்...”

“அடப் பாவி!” பொன்னாச்சி சீறினாள். “ரெண்டு வேளையும் வெளியே தோட்டத்துக்குப் போய்ப் பறிக்காம, வாடின கீரையையா விக்கச் சொல்றே?”

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். “கடை உனக்கே அம்மா. தத்தா, இந்தா முத்துமாலை. விழுப்பரையரே, யானை மறுத்த எல்லாருக்கும் இப்போதே நீரே நேரில் காரணம் சொல்லும். நீரே விசாரியும்.”

“எத்தனை பேர்?” என்றார் அமைச்சர், ஈனக்குரலில்.

“வாசலில் முந்நூறு பேர் நிற்கிறார்கள் ஐயா,” என்றான் தத்தன். “அதில் கொஞ்சம் சாதுவான ஆளாகப் பார்த்துத்தான் பொன்னாச்சியை உள்ளே அனுப்பினேன்.”