வெடி இல்லாத மாப்பிள்ளை அழைப்பு

நாரையேந்தலில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வெடி கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது. கண்மாய்க் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ஊர் அது. அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் கர்வம்கூட உண்டு.

மச்சக்காளைக்கும் உண்டு. கண்மாய்க்கரை மடத்து அம்மையாரின் சீடர் அவர். ஆனால் தங்கை கல்யாணம் என்று வந்தபோது ஞானம் கொஞ்சம் வெளியூர் போய்விட்டது. “மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி உண்டுல்ல?” என்று சம்பந்தி கேட்க, “அமர்க்களப்படுத்திடலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அழைப்பு நாளன்று காலையில் அம்மையார் முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“அம்மா, ஒரே ஒரு சரம். ஊர் எல்லையில.”

“வெடிச்சா என்ன ஆகும்?”

“நாரை பதறி எழும்பும். குஞ்சு கூட்டிலேருந்து தண்ணியில விழும்.”

“அப்புறம்?”

“அடுத்த வருஷம் வராது. அதோட எச்சம் விழுந்த தண்ணிதான் நம்ம வயலுக்கு உரம். அதுவும் போச்சு.”

“எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறியாப்பா?”

“வெடி இல்லேன்னா அவங்க திரும்பிப் போயிடுவாங்கம்மா. தங்கச்சி வாழ்க்கை.”



“சாயங்காலம் மாப்பிள்ளைய நானே அழைக்கிறேன்” என்றார் அம்மையார்.

மாலையில் ஊரே ஆரத்தித் தட்டோடு எல்லையில் நின்றது. கார் வந்தது. சம்பந்தி இறங்கவில்லை.

“வெடி எங்கே? பேச்சு மாறுற வீட்டுலயா பொண்ணு எடுக்கிறோம்?”

மச்சக்காளை தலை குனிந்துகொண்டார்.

“ராஜாவே வந்தாலும் இங்க வெடி கிடையாதுங்க. கண்மாயில நாரை குஞ்சு பொரிச்சிருக்கு. தெரிஞ்சும் வாக்குக் கொடுத்தது இவன் தப்பு” என்றார் அம்மையார்.

“எங்கிருந்தோ வந்த பறவைக்கா இம்புட்டு மரியாதை?”

“ஆமாங்க, எங்கிருந்தோ வந்ததுதான். அதோட குஞ்சு பயந்துடக் கூடாதுன்னு ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நடக்குது. இந்த ஊர்ல வளந்த பொண்ணைத்தான் உங்க வீட்டுக்கு அனுப்புறோம்.”

மச்சக்காளையின் தலை தானாக நிமிர்ந்தது.

சம்பந்தி கண்மாய்ப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கி, கார்க் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.