தனுஷ்கோடி அண்ணாச்சி பெட்டிக்குக் கார்டு தெரியல

"தாயி, கார்டு தெரியல."

வந்ததும் வராததுமா தனுஷ்கோடி அண்ணாச்சி சொன்னது இதுதான். ஒரு செருப்பு வாசல்ல கெடக்கு, இன்னொண்ணு கால்லயே இருக்கு.

ரெஜினா நிமிரல. கையில ஈயம் உருக்கிப் பத்தவைக்கற சால்டரிங் கம்பி புகையுது.

கோவில்பட்டியில ஒரு பேக்கரிக்கு மேல மாடியில அவ கடை. வயசு இருபத்தொம்பது. ஊர்ல எந்தக் கம்ப்யூட்டர் செத்தாலும் பொணம் இங்கதான் வரும். பாதி எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போயிரும்.

அண்ணாச்சிக்கு அம்பத்தெட்டு முடிஞ்சுருச்சு. பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவரு. முப்பது வருஷம் விசில் ஊதி வண்டி கிளப்புன ஆளு. இப்ப கிளப்ப வண்டி இல்ல. அதனால வீட்டுல இருக்கறவங்களைக் கிளப்பிக்கிட்டு இருக்காரு.

"யாருக்குத் தெரியல அண்ணாச்சி?"

"பெட்டிக்கு."

"எந்தப் பெட்டி?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாரு மனுஷன்.

வீட்டுல இருக்கற போட்டோ, வீடியோ அத்தனையும் ஒரே எடத்துல போட்டு வைக்க ஒரு சர்வர் பெட்டி. கடையில வாங்கல, தானே செஞ்சாரு. போன்ல வீடியோ பாத்து, நிறுத்தி, மறுபடி பாத்து செஞ்சாரு. உள்ள இருக்கற போர்டு பழசு. அதுல நெட் ஒயர் சொருகற ஓட்டை எப்பவோ இடி விழுந்து செத்துப் போச்சு. அதனால நெட்வொர்க் கார்டுன்னு தனியா ஒண்ணு வாங்கிச் சொருகினாரு. அந்தக் கார்டு வேலை செய்யலைன்னா உள்ள இருக்கறது ஒண்ணும் வெளியூருக்குப் போகாது.

"பெட்டி ஓடுது தாயி. உர்ருங்குது. சூடாகுது. ஆனா கார்டுன்னு ஒண்ணு இருக்கறதையே ஒத்துக்க மாட்டேங்குது. என் மாமியா மாதிரி."

"அவசரமா?"

"நாளன்னிக்கு மாமனாருக்கு மொத வருஷ திதி. அவரு பேசுன வீடியோ ஒண்ணே ஒண்ணு இருக்கு. அது இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. ஒரு மச்சினி சிங்கப்பூரு, ஒரு மச்சினி துபாயி, மச்சினன் சாத்தூரு. எல்லாரும் இருந்த எடத்துல இருந்தே ஒரே நேரத்துல பாக்கணும். வாக்குக் குடுத்துட்டேன். சொன்ன உடனே என் வீட்டுக்காரி கோமதி அழுதுட்டா, சந்தோஷத்துல."

"வாட்ஸப்புல அனுப்பிரலாமே?"

அண்ணாச்சி நெஞ்சுல கை வச்சாரு.

"வாட்ஸப்பா! குட்மார்னிங் ரோஜாப்பூவுக்குப் பக்கத்துல எங்க மாமனாரா?"

ரெஜினா கம்பியைக் கீழ வச்சா.

"கார்டைப் பாத்துட்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் காலையில ஷட்டர் பாதி ஏறல, அடியில குனிஞ்சு உள்ள வந்துட்டாரு.

"பாத்தீங்களா?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட! சிஸ்டத்தை மொத்தமா அழிச்சு மறுபடி ஏத்துனேன். மூணு தடவை. கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரை மாத்துனேன். பயாஸுன்னு அடிமட்ட செட்டிங்கு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள போயி இருந்ததையெல்லாம் ஆன் பண்ணுனேன். அப்புறம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுனேன். ஒயரை மாத்துனேன். பக்கத்து வீட்டுல ரவுட்டரைக் கடன் கேட்டேன். அவங்க வீட்டுப் பையன் என்னை முறைக்கான். எவனோ ஒருத்தன் நெட்டுல எழுதியிருந்தான், தேதியை மாத்திப் பாருன்னு. எங்க வீட்டுப் பெட்டியில இப்ப ரெண்டாயிரத்து ஒம்பது நடக்குது."

"கார்டைப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டேதான இருக்கேன்! ஸ்க்ரீனை விட்டு இந்தக் கண்ணு நகரலியே. கோமதி சோத்தை ஊட்டி விடாத கொறை."

ரெஜினா எந்திரிச்சா. கடையில இருந்த மானிட்டரைப் பிடிச்சு, சுவரைப் பாக்கத் திருப்பி வச்சா.

அண்ணாச்சி மானிட்டரோட முதுகைப் பாத்தாரு. ரெஜினாவைப் பாத்தாரு. மறுபடி முதுகைப் பாத்தாரு.

"ஏன் தாயி, அதுக்கும் ரிப்பேரா?"

"பெட்டியைத் தூக்கிட்டு வாங்க."

மத்தியானம் ஆட்டோவுல வந்தாரு. பெட்டி மடியில. வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் தோளைத் தட்டி, "மெதுவா, மெதுவா, புள்ளைத்தாச்சியக் கூட்டிட்டுப் போற மாதிரி போப்பா"ன்னு வந்தாராம். மாடிப்படியில ஏறும்போது மூச்சு வாங்குது, ஆனா பேச்சு நிக்கல.

ரெஜினா ஸ்குரு டிரைவரை நீட்டுனா.

"நானா?"

"நீங்கதான்."

ஸ்குரு கழண்டுச்சு. கார்டை உருவி எடுத்தாரு. எடுத்த கையோட ரெஜினா மூஞ்சியவே பாத்தாரு, ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்த டாக்டரைப் பாக்கற மாதிரி.

"சொல்லு தாயி. செத்துருச்சா?"

"என்னைப் பாக்காதீங்க. கார்டைப் பாருங்க."

பாத்தாரு.

பச்சை அட்டை. அதோட அடியில வரிசையா தங்கப் பல்லு. அந்தப் பல்லுதான் போர்டுக்குள்ள போயி ஒட்டணும்.

தங்கப் பல்லுக்கு நட்டநடுவுல சந்தனம். சந்தனத்து மேல குங்குமம். காஞ்சு, கெட்டியா, கச்சிதமா ஒரு பொட்டு.

அண்ணாச்சி கார்டைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போனாரு.

"கோமதீ!"

வீடு மூணு கிலோமீட்டரு. போனே தேவையில்ல, கேட்டிருக்கும். ஆனாலும் போனை எடுத்தாரு.

"நாலு நாளா நான் நாய் படாத பாடு படுதேன், இவ வந்து பொட்டு வச்சிருக்கா பாரு! இன்னைக்கு இருக்கு அவளுக்கு!"

ரெஜினா போன் மேல உள்ளங்கைய வச்சு மூடுனா.

"எப்ப வச்சாங்க?"

"வெள்ளிக்கிழமை. சாமானெல்லாம் சாப்பாட்டு மேசையில பரத்தி வச்சிருந்தேன். சூடத்தட்டோட வந்தா. புதுப் பொருளாச்சே."

"கேக்காம வச்சுட்டாங்களோ?"

அண்ணாச்சி யோசிச்சாரு.

"கேட்டா. 'பொட்டு வைக்கட்டுமா'ன்னா."

"நீங்க?"

"'ம்'முன்னேன்."

"எங்க வைக்கறதுன்னு கேக்கலியா?"

"அதையும் கேட்டா. 'இந்தா, தங்கமா மினுங்குதே, இந்த எடத்துல வைக்கட்டுமா'ன்னா."

"நீங்க?"

கொரலு எறங்கிருச்சு. "'ம்'முன்னேன். போன்ல வீடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு தாயி."

"சொருகும்போது பொட்டு கண்ணுல படலியா?"

"கண்ணு போன்ல. கை மட்டும்தான் கார்டுல."

ரெஜினா டிராயரைத் திறந்தா. பென்சில் எழுத்தை அழிக்கற ரப்பர் ஒண்ணை எடுத்து அவரு கையில வச்சா.

"தேய்ங்க. மெதுவா."

தேய்ச்சாரு. குங்குமம் போச்சு. சந்தனம் உதுந்துச்சு. ஈயம் பொசுங்குன நாத்தத்துக்கு நடுவுல கோயில் வாசம் அடிச்சுது.

கார்டைச் சொருகினாரு. இந்தத் தடவை பாத்துச் சொருகினாரு. ரெஜினா மானிட்டரை இந்தப் பக்கம் திருப்பி மாட்டிக் குடுத்தா. சுவிட்ச் போட்டாரு.

பெட்டி உர்ருன்னுச்சு. எழுத்து ஓடுச்சு. கார்டு பேரு வந்து நின்னுச்சு. பின்னாடி பச்சை லைட்டு மினுக்குன்னுச்சு.

அண்ணாச்சி குதிச்ச குதியில கீழ பேக்கரியில தேன்கேக்கு மேல சுண்ணாம்பு உதுந்துருச்சாம். பேக்கரிக்காரரு இன்னும் சொல்லிக் காட்டுதாரு.

போனை ஸ்பீக்கர்ல போட்டாரு. ஊரே கேக்கணும்ல.

"கோமதி! வந்துருச்சு! கார்டு வந்துருச்சு! நாளைக்கு எல்லாரும் உங்கப்பாவைப் பாக்கலாம். சிங்கப்பூரு, துபாயி, சாத்தூரு, எல்லாம் ஒரே நேரத்துல!"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னட்டி, சந்தோஷமா இல்லியா?"

"வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கும்போது இன்னொண்ணும் கேட்டேன்ல."

"என்ன கேட்ட?"

"ஒரு வருஷம் கழிச்சு அப்பா கொரலைக் கேக்கப் போறேன். அத்தனை பேரு என் மூஞ்சியப் பாக்கும்போது என்னால கேக்க முடியாது. மொதல்ல ஒரே ஒரு தடவை நான் மட்டும் கேட்டுக்கிடுதேன், போட்டுக் காட்டுங்கன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'முன்னீங்க. அன்னையில இருந்து காத்துக்கிட்டு இருக்கேன்."

அண்ணாச்சி ஸ்பீக்கரை அணைச்சாரு. போனைக் காதோட ஒட்டி வச்சுக்கிட்டாரு. அவரு பேசாம இருந்து அந்தக் கடை பாத்ததே இல்ல.

"வாறேன்," ன்னாரு. "இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்." வச்சுட்டாரு.

அப்புறம் பெட்டியப் பாத்தாரு.

"தாயி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அவ மட்டும் பாக்கறதுன்னா... வீட்டு டிவியில ஒரு ஒயரைச் சொருகினாப் போதுமே. இந்தக் கார்டே வேண்டாமே."

ரெஜினா சால்டரிங் கம்பிய எடுத்துக்கிட்டா. குனிஞ்சுக்கிட்டா.

"அப்ப வெள்ளிக்கிழமையே காட்டியிருக்கலாமா?"

"ம்," ன்னா ரெஜினா.