வெறுந்தாளில் இரண்டு கை

முன்னொரு காலத்தில் மழை பெய்தால் மழையைத் திட்டி, வெயில் அடித்தால் வெயிலைத் திட்டிக்கொண்டு ஒரு ராசா கீழைக்கோட்டையை ஆண்டுவந்தான். பெயர் முத்துவிசயன். காலையில் சால்வை போர்த்தியவனைச் சாயங்காலம் தூக்கில் போடுவான். அழுதுகொண்டேதான் போடுவான். அழுதால் போனவன் திரும்பியா வருவான்?

அப்படிப் போனவன் வடக்குவாசல் காவலன் தழும்பன். தீப்பிடித்த லாயத்திலிருந்து ராசாவின் குதிரையை இழுத்து வந்ததற்காகச் சால்வை வாங்கியவன். அந்தச் சால்வைக்குக் காத்திருந்தவர் அரண்மனை எழுத்தர்களின் தலைவர் கனகசபேசர். பத்தே நாளில் தழும்பன் தலையணைக்குள் ஒரு கடிதம் அகப்பட்டது. பகை ராசாவுக்கு எழுதியது: 'அமாவாசையன்று வடக்குவாசல் திறந்திருக்கும்.' கடைவீதித் தாள்தான். எழுத்து அப்படியே தழும்பனுடையது.

துரோகியின் உடலை இறக்கக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். காவல் காத்த வாசலிலேயே தொங்கினான். காக்கைகள் வரத் தொடங்கின.

அவன் பெண்டாட்டி பொன்னுருவி அரண்மனையில் ஓலைக்கு மை தடவுகிறவள். எழுத்தாணி கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியைத் தேய்த்தால்தான் தெரியும். மூன்றாம் நாள் அவள் கரித்துணியோடு சபைக்கு வந்தாள்.

"அழ வந்தாயா?" என்றான் ராசா.

"அழுதுவிட்டுத்தான் வந்தேன், மகாராசா. அவரை இறக்கணும். அந்தக் கடிதம் அவர் எழுதினதில்லை."

"நிரூபிக்காவிட்டால் பக்கத்திலேயே உனக்கும் ஒரு கயிறு."

"இருக்கிற கயிறே நீளம்தான். பார்த்தேன்."

கனகசபேசர் சிரித்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, மடியில் வைத்து எழுதுவீர்களே, தாள்கட்டு. அதை வேறு யாராவது தொடுவதுண்டா?"

"என் நிழல்கூடத் தொடாது. பெட்டிச் சாவி இடுப்பை விட்டு இறங்காது. ஆணை எழுத மகாராசாவுக்கு மட்டும் நீட்டுவேன்."

"அதன் மேல்தாளைக் கொடுங்கள்."

"வெறுந்தாள் அம்மா. அதிலும் கரி பூசப்போகிறாயா?"

"எனக்குத் தெரிந்த வேலை அதுதானே, ஐயா."

தாளைத் தரையில் விரித்துக் கரித்துணியால் மெள்ள ஒற்றித் தேய்த்தாள்.

"எழுத்தாணி பிடித்த கை இறகுப்பேனா பிடித்தாலும் அழுத்தத்தான் செய்யும், மகாராசா. எந்தத் தாளை மேலே வைத்து எழுதினாலும், அழுத்தின எழுத்து அடித்தாள் இரண்டு மூன்றில் இறங்கிவிடும். நீங்கள் வீசியெறிகிற தாளில்தான் நான் கரி பொட்டலம் கட்டுவேன். அதில் பார்த்தது. ஓலையில் பள்ளம் கறுக்கும். தாளில் பள்ளம் வெளுக்கும்."

கறுத்த தாளில் வெள்ளை வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது.

"படியும் ஓய்," என்றான் ராசா.

கனகசபேசர் எழுத்துக்கூட்டினார். "அமாவாசையன்று... வடக்கு..."

ராசா வாளை உருவிவிட்டான். "இவனை அதே கயிற்றில்..."

"இன்னும் முடியவில்லை, மகாராசா," என்றாள் பொன்னுருவி. "இதில் இரண்டு கை இருக்கிறது."

ராசா குனிந்தான். கடித வரிகளுக்குக் குறுக்கே இன்னொரு வரி, அவனுடைய வால் சுழித்த எழுத்தில்: 'விசாரணை வேண்டாம். பொழுது சாய்வதற்குள் தூக்கிலிடுக.'

அவனும் ஓலையில் எழுதிப் பழகினவன்தான்.

வாளை உறையில் போட்டுவிட்டு, "இவனை என்ன செய்யட்டும், சொல்," என்றான்.

"விசாரியுங்கள்."

ராசா வெறுங்காலோடு வடக்குவாசலுக்கு நடந்து போய்க் கயிற்றைத் தானே அறுத்தான். தழும்பனை அந்தச் சால்வையிலேயே சுற்றி எரித்தார்கள். விசாரணையின் எட்டாம் நாள் கனகசபேசர் ஒத்துக்கொண்டார். அவருக்குக் கயிறு இல்லை. ஆயுசு முழுக்க அரண்மனை விளக்குகளில் கரி சுரண்டும் வேலை. அவர் இடுப்புச் சாவி பொன்னுருவியிடம் வந்தது.

அதற்கப்புறம் ராசா மரண ஆணை எழுதினால், அடித்தாளில் கரி தடவி மறுநாள் காலையில் அவள் அவனிடம் நீட்டுவாள். தன் எழுத்தைத் தானே படித்துவிட்டு, அப்போதும் அதே மனசாக இருந்தால்தான் கயிறு. அனேகமாகத் தாளைக் கிழித்துவிடுவான்.

பொன்னுருவி கையைக் கழுவிவிட்டு வடக்குவாசல் வழியாக வீட்டுக்குப் போவாள். அங்கே புதுக் காவலன் நிற்பான். அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.