மூன்று குட்டைகளின் கணக்கு

மேலக்குளத்தில் காராயி என்றொரு ஆமை இருந்தது. அதன் தங்கை நீலாயியை ஐப்பசி வெள்ளம் அடித்துக்கொண்டு போய்க் கீழக்குளத்தில் சேர்த்துவிட்டது. அன்று முதல் காராயிக்கு இரை இறங்கவில்லை. வெயில் காயும் பாறையில் தங்கை படுக்கும் பக்கத்தைக் காலியாகவே விட்டுவைத்தது.

இரண்டு குளங்களுக்கும் நடுவே மூன்று குட்டைகள். மூன்றிலும் நீர் இருந்தால்தான் ஆமை தங்கித் தங்கிப் போய்ச் சேர முடியும்.

அந்தக் காட்டில் கணக்குக்குப் பேர்போனது வேம்பன் கீரி. யாரும் கேட்காத கணக்கை அது போடாது. குன்றிலிருந்து குளம் எத்தனை எட்டு என்பதையும் முயல்கள் கேட்ட அன்றுதான் போய் அளந்தது. அளந்ததை மறக்கவும் இல்லை. அதனால் அதற்கு வீண் அலைச்சலே கிடையாது.

தை மாதம் காராயி அதனிடம் போய், கீழக்குளத்துக்குப் போக முடியுமா என்று விசாரித்தது.

"குட்டைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும் அக்கா. கிளம்பும் அன்று கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றது கீரி.

காராயிக்கு விடையே கிடைத்துவிட்டதுபோல நிம்மதி. தங்கையிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்ளும். ஆனால் தரைவழிப் பயணம் என்றால் பயம். கிளம்புவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தது.

பங்குனி முடிவில் கீழக்குளத்திலிருந்து ஒரு நாரை வந்தது. நீலாயி அக்காவைத் தேடி, கீழக்குளத்தை அடுத்த மூன்றாம் குட்டை வரை ஏறிவந்து அங்கேயே காத்துக் கிடப்பதாகச் சொன்னது.

காராயி உடனே கீரியிடம் போனது. கீரியும் சொன்ன சொல் தவறாமல் ஓடிப் பார்த்தது. முதல் இரண்டு குட்டைகளும் வறண்டு வெடித்துக் கிடந்தன. இனி மூன்றாவதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று திரும்பிவிட்டது.

"தையில் தண்ணீர் இருந்திருக்குமே?" என்றது காராயி.

"இருந்திருக்கும். அன்றைக்கு நீங்களும் கிளம்பவில்லை, நானும் பார்க்கவில்லை."

காராயி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு சட்டென்று கழுத்தை நீட்டிக் கேட்டது.

"மூன்றாம் குட்டை இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"தேவைப்படும்போது..."

"இப்போதே தேவை, வேம்பா."

கீரி போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னது: இரண்டே நாள். அதற்குப் பிறகு வெறும் சேறு. மேலே பருந்துகள் வேறு சுற்றுகின்றன.

காராயி நாரையின் பக்கம் திரும்பியது. "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே குளத்துக்குத் திரும்பச் சொல்" என்றது.

நீலாயி பத்திரமாகக் குளம் சேர்ந்துவிட்ட செய்தியை மறுநாள் நாரை கொண்டுவந்தது. நீலாயி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதாம்.

அடுத்த மழைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. காராயி கரையேறி, கீழக்குளம் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றது.

மாறாத ஒன்றைத் தேவைப்படும் அன்று கணக்கிட்டால் போதும். நாளுக்கு நாள் மாறுவதற்கோ, கணக்கிடும் வழி தெரிந்திருப்பது விடை தெரிந்திருப்பது ஆகாது.