மிளகாய் கழுவிய செம்பாயி அம்மையார்

செம்பாயி அம்மையாருக்குச் சோளக்காட்டில் களை எடுப்பது பிழைப்பு. காட்டுக்கு நடுவே இடிந்த செங்கல் மேடு ஒன்று. அதன்மேல் கண்மூடி அமர்ந்த கற்சிலை. ஊரார் அவரை உக்காந்தசாமி என்பார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வந்த படித்தவர்கள், இவர் புத்தர், இது அவருடைய பழைய மடம் என்று சொல்லிப் போனார்கள். அம்மையாருக்கு எல்லாம் ஒன்றுதான். வேலை விட்டதும் மேட்டில் ஏறுவார். தூக்குவாளியில் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சிலையின் தலையில் வார்த்துவிட்டு எதிரே கொஞ்ச நேரம் இருப்பார். வேண்டுதல் என்று ஒன்றும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரே மகள் பவளக்கொடி மஞ்சள் காமாலையில் போனபோது அம்மையார் அழவில்லை. வராத அழுகையை எங்கே போய்க் கொண்டுவருவது? ஒப்பாரிக்கு வந்த பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோனார்கள். அதன்பின் சோறும் மண்ணும் அவருக்கு ஒரே ருசியாக இருந்தன. மேட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

மகள் போன இரண்டாம் வருடம் ஆவணி முடிந்தும் மழை இல்லை. சாமிக்கு மிளகாய் அரைத்துப் பூசினால் எரிச்சல் தாங்காமல் அழும், அது அழுதால் வானமும் அழும் என்பது ஊர் வழக்கம். மழை விழும்வரை யாரும் கழுவக் கூடாது. கழுவினால் ஊரில் வேலை கிடையாது. உக்காந்தசாமிக்குத் தலைமுதல் மடிவரை அப்பினார்கள்.

அம்மையார் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் குடத்தோடு மேட்டில் ஏறினார். ஊர்த்தலைவர் பெரியண்ணன் ஆட்களோடு வந்து மறித்தார்.

"கல்லுக்கு எரியுமா செம்பாயி?"

"எரியும்னுதானே மாமா பூசினீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"பெத்த மவ செத்தப்பவே கண்ணு கலங்காதவ, கல்லுக்குப் பரிஞ்சிக்கிட்டு வந்துட்டா. கழுவு. நாளையிலேருந்து எவன் காட்டுலயும் உன் காலு படக்கூடாது."

அம்மையார் குடத்தைச் சாய்த்தார். காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, இமை, மூக்கு, உதடு என்று பிள்ளைக்கு முகம் கழுவுவதுபோல் கழுவினார். வியர்வை கண்ணில் இறங்க, மறதியாய் அந்தக் கையாலேயே துடைத்துவிட்டார். தீயாய் எரிந்தது. எரிச்சலில் வந்த கண்ணீர் எரிச்சல் அடங்கியும் நிற்கவில்லை. "பவளம், என் பவளம்" என்று சிலையின் மடியில் விழுந்து, இரண்டு வருடத்து அழுகையை அழுதார். மறித்தவர்கள் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள்.

மழை எட்டாம் நாள் வந்தது. மிளகாய்தான் கொண்டுவந்தது என்று ஊரில் பாதிப்பேர் சாதித்தார்கள். பெரியண்ணனோ களைக்கு வரச் சொல்லி அம்மையாருக்கு ஆள் அனுப்பினார்.

அழ வேண்டியவர் யார் என்று அறிந்தே, அந்த எரிச்சலை மூன்று நாள் தம் மேனியில் ஏற்றுக் காத்திருந்தார் பெருமான். கல்லுக்கும் வலிக்கும் என்று நினைத்த அந்த மனம் நமக்கும் கொஞ்சம் வாய்க்கட்டும்.