சீனிக்குருவியின் கீறல் குரல்

சொல்வதில் எங்கேயாவது பிசகிவிடுமோ என்ற பயம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வரும். குளவி முதலில் கொடுத்த கூடு எது, அடுத்துக் கொடுத்தது எது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் கதையே கவிழ்ந்துவிடும். அதனால் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். மேடையில் கிட்டார் வாசிக்கிறவரின் காலடியில் ஒரு சின்னப் பெட்டி கிடக்கும். அதை மிதித்ததும் கம்பியின் குரல் கிழிந்து சீறும். அதைக் கையால் அழுத்தக் கூடாதா, எதற்குக் காலால் மிதிக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கும் பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் ஊர்வனவும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு திரிந்தபோது, ஒரு கண்மாயின் உள்வாய்க் கரையோரத்தில் சீனிக்குருவி என்று ஒருத்தி குடியிருந்தாள். மஞ்சள் நிறத்தில் நெட்டைக் கால், கறுத்த கழுத்து, வெளுத்த வயிறு. குரல் மட்டும் அப்படியே வெல்லப்பாகு. அவள் வாயைத் திறந்தால் மேய்கிற ஆடு தலையைத் தூக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

குரல் இனிப்பே தவிர மனசுக்குள் எப்போதும் கலக்கம். கரையோரப் பசும்புல்லில் மெத்தைபோல் இடம் செய்து, வெள்ளை வெளேரென்று முட்டையிட்டு வைத்திருப்பாள். வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடுமோ என்று பயப்படுவாள். மாடு வந்தால் மிதித்துவிடுமோ என்று பயப்படுவாள். காற்று அடித்தால் உருண்டுவிடுமோ என்று எழுந்து எழுந்து பார்ப்பாள். இவளோடு பெரிய ரோதனை என்று புருஷன்காரன் கண்மாயின் மறுகரைக்குப் போய் மேய்வான்.

அவள் பயந்ததிலும் தப்பில்லை. மடைக்குப் பக்கத்துப் பொந்தில் ஓர் உடும்பு இருந்தான். முட்டை என்றால் அவனுக்கு உயிர். ஒவ்வொரு தடவையும் அடைக்கு உட்கார்ந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஆடி அசைந்து வருவான். சீனிக்குருவி பதறிப்போய், உடும்பு வருது, யாராவது வாங்க என்று கத்துவாள். கத்துவது அவளுக்குத்தான் கத்தல். கேட்கிறவர்களுக்கு அது பாட்டு. பனை உச்சியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான், பருந்தையே விரட்டியடிக்கிற சூரன், கண்ணை மூடித் தலையை ஆட்டுவான். இன்றைக்கு இவள் குரல் என்னமாய்க் குழைகிறது என்று கொக்குகள் பேசிக்கொள்ளும். உடும்பு ஒவ்வொரு முட்டையாக உடைத்துக் குடித்துவிட்டு, நாக்கால் முகத்தைத் துடைத்துக்கொள்வான்.

போன தடவை அவன் திரும்பிப் போகும்போது ஒரு வார்த்தை சொன்னான்.

"பாடு தாயி. சாப்பாட்டோட பாட்டும் சேர்ந்தா தனி ருசிதான்."

முட்டை போனதைவிட இந்த வார்த்தை அவளை அறுத்தது. அழுகை வரவில்லை. அடுத்த அடை வைத்ததும், புருஷனை வம்படியாக இழுத்து முட்டைமேல் உட்கார வைத்துவிட்டு, நேரே மடைச் சுவருக்குப் போனாள்.

மடைச் சுவரில் குளவி ஒருத்தி தொழில் நடத்திக்கொண்டிருந்தாள். ஈர மண்ணை உருட்டி வந்து சின்னச் சின்னக் கூடாகக் கட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் தன் ரீங்காரத்தில் கொஞ்சம் பிடித்து அடைத்து வைப்பாள். கூட்டை அழுத்திக்கொண்டு பேசினால், பேசுகிறவரின் குரலோடு அந்த ரீங்காரமும் சேர்ந்து உரசும். தவளை வாங்கிப் போயிருந்தது. சில்வண்டு வாங்கிப் போயிருந்தது. இனிப்புக் குரல்காரி ஒருத்தி இப்படித் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

குளவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளதிலேயே பருமனான கூட்டை எடுத்து முன்னே வைத்து, இதன் பெயர் கிழிசல், வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், எந்தக் குரல் உள்ளே போனாலும் கந்தலாகத்தான் வெளியே வரும் என்று அளந்தாள். சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு பேசச் சொன்னாள்.

"சிறகு எனக்கு ஒழியாதுக்கா, அது முட்டைக்குக் குடை பிடிக்கணும். காலுதான் சும்மா கெடக்கு" என்று சொல்லி, சீனிக்குருவி கூட்டைத் தரையில் வைத்து ஒரு காலால் மிதித்தாள். லேசாக 'அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். தகரத்தை ஆணியால் கிழித்தது போல ஒரு சத்தம் கிளம்பியது. மடையில் தண்ணீர் குடித்த ஆடுகள் சிதறி ஓடின. சீனிக்குருவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது போதும் என்று அலகில் கவ்விக்கொண்டு பறந்துவிட்டாள்.

சங்கதி அதற்குள் கண்மாய் முழுக்கப் பரவிவிட்டது. மயில் தலைமையில் நாலு பேர் நியாயம் கேட்க வந்தார்கள். கண்மாயில் காலைப் பாட்டுக்கு ஆளைப் பொறுக்கி நிறுத்துவது மயில்தான். பிறக்கும்போதே வாய்த்த குரலைக் கெடுக்கலாமா, பொம்பளைக்கு வாய் இனிமைதானே அழகு, முட்டை போனால் வேறு முட்டை இட்டுக்கொள்ளலாம், குரல் போனால் வருமா என்று மயில் நீட்டி முழக்கியது. கூட வந்த கொக்குகள் ஆமாம் போட்டன.

சீனிக்குருவி முட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"மயிலண்ணே, நீங்க வாயைத் திறந்தா ஊரே காதைப் பொத்துது. உங்களை வச்சு யாரும் பஞ்சாயத்துப் பேசலையே. என் குரல் நல்லாருக்குன்னு தலையாட்டுன ஒருத்தராவது என் முட்டைக்கு வந்தீங்களா?"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆனால் கூடு செய்த கூத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. கிழிசல் கூட்டுக்கு மெதுவாகச் சொல்வதும் உரக்கச் சொல்வதும் ஒன்றுதான். எந்த நேரம் உடும்பு வருவானோ என்ற பயத்தில் அவள் காலை அதன் மேலிருந்து எடுக்கவே மாட்டாள். பசிக்கிறது, கொஞ்சம் வந்து அடைக்கு உட்காருங்கள் என்று புருஷனைக் கூப்பிட்டால், கொலை விழுந்தது போலக் கேட்கும். அவன் பயந்து மறுகரைக்கும் அப்பால் பறந்துவிடுவான். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகளோடு கொஞ்சிப் பேசினால் கொக்குகள் எல்லாம் கூட்டமாக எழும்பும். கரிச்சான் அலறி அடித்துக்கொண்டு வந்து பார்ப்பான். உடும்பும் இருக்காது, ஒன்றும் இருக்காது. தும்மினாள் என்று ஒரு தடவை வந்து பார்த்தான்.

கடைசியில் அவன் நேராகவே சொல்லிவிட்டான். "மதினி, கோவிச்சுக்காத. இனி நீ கத்துனா நான் வர மாட்டேன். எது நெசம், எது சும்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு முழுக்க அவள் இரை எடுக்கவில்லை. முன்பு பாடினாலும் யாரும் வரவில்லை, இப்போது கிழித்தாலும் யாரும் வரப்போவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று புரிந்தது. எப்போதும் ஒரே மாதிரி இருக்கிற சத்தத்தை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அது தேனாக இருந்தால் என்ன, தகரமாக இருந்தால் என்ன.

மறுநாள் கிழிசல் கூட்டைக் கவ்விக்கொண்டு திரும்பவும் மடைச் சுவருக்குப் போனாள். கொடுத்த பொருளைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இல்லை என்று குளவி முறைத்தாள். வழக்கம் இல்லையென்றால் இன்றைக்குப் புதிதாக ஆரம்பித்துக்கொள் என்று சீனிக்குருவி அங்கேயே நின்றுவிட்டாள். குளவி முனகிக்கொண்டே கிழிசலை வாங்கி ஓரமாக வைத்தாள்.

இந்தத் தடவை குளவி சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. சுவரோரம் இருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். ஒவ்வொன்றையும் முதலில் நுனிவிரலால் மிதித்து, குஞ்சோடு பேசுகிற மாதிரி மெல்லப் பேசினாள். பிறகு முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து, உடும்பைக் கண்டவள் மாதிரி கத்தினாள். ஒரு கூட்டில் வண்டுக் கூட்டமே இரைந்தது, சொன்ன வார்த்தை எதுவும் விளங்கவில்லை. அதைத் தள்ளி வைத்தாள். ஒன்றில் சத்தம் மூக்கடைத்த மாதிரி வந்தது. அதையும் தள்ளினாள். இப்படி மிதித்து மிதித்துப் பார்த்தால் கூடு என்னத்துக்கு ஆகும் என்று குளவி சுற்றிச் சுற்றிப் பறந்து புலம்பினாள்.

மூலையில், மற்றக் கூடுகளுக்குப் பின்னால், கோணலாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஏன் காட்டவில்லை என்று கேட்டாள்.

"அது பழுதுடி. மண்ணு சரியா சேரல. மெல்லப் பேசுனா அதுல ஒண்ணுமே ஆகாது, உன் குரல் உன் குரலாவே வரும். அமுக்கிக் கத்துனாத்தான் லேசா கீறும். யாரு வாங்குவா அதை?"

சீனிக்குருவி அதை இறக்கி, நுனிவிரலால் மிதித்து, கண்ணுகளா என்று கூப்பிட்டாள். பாகு போல வந்தது. சாய்ந்து மிதித்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். குரலின் ஓரம் மட்டும் பிய்ந்து, உள்ளே வார்த்தை தெளிவாக நின்றது. கிழிசல் மாதிரி கந்தல் இல்லை. கத்தியால் கோடு இழுத்த மாதிரி ஒரு கீறல். எவ்வளவு அழுத்துகிறாளோ அவ்வளவு கீறியது.

"இந்தப் பழுதுதான்க்கா எனக்கு வேணும்" என்றாள்.

இந்தத் தடவை இரை தேடி வெகுதூரம் போயிருந்த உடும்பு, குஞ்சு பொரிக்கிற நாள் நெருங்கியபோதுதான், ஒரு மத்தியான வெயிலில் வந்தான். சீனிக்குருவி இரண்டு சிறகையும் விரித்து முட்டைக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீறல் கூடு காலடியில் இருந்தது. பயத்தில் உடனே கத்திவிடத்தான் தோன்றியது. ஆனாலும் முதலில் நுனிவிரலால்தான் மிதித்தாள். வந்த வழியே போய்விடு என்று மெல்லத்தான் சொன்னாள். கண்மாயில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"நீ குரலைக் கெடுத்துக்கிட்டேன்னு சொன்னாங்க. அப்படியேதான் இருக்கு. எங்கே, பாடு தாயி" என்று அவன் நாக்கை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

சீனிக்குருவி உடம்பின் கனத்தை எல்லாம் ஒற்றைக் காலில் ஏற்றினாள். இத்தனை தடவை அவன் குடித்துப் போன முட்டைகளின் கனமும் அதோடு சேர்ந்து இறங்கியது.

"இந்தா ஆளு! இந்தா ஆளு, இங்கே பாரு!"

சத்தம் கண்மாயை இரண்டாகக் கீறியது. காலடியில் கூடு வெடித்தது. ஈர மண் தெறித்து வெள்ளை முட்டைகளின் மேலெல்லாம் அப்பியது. உள்ளே அடைபட்டிருந்த ரீங்காரம் போக இடமில்லாமல் அவள் நெட்டைக் கால் வழியே ஏறித் தொண்டைக்குள் புகுந்துகொண்டது. அவள் நிறுத்தவில்லை. இந்தா ஆளு, இந்தா ஆளு என்று அவன் முகத்துக்கு நேரே கத்தினாள். காலையிலிருந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தவள் இப்படிக் கத்தினால் விஷயம் இருக்கிறது என்று கரிச்சானுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பனை உச்சியிலிருந்து அம்பு மாதிரி இறங்கி உடும்பின் தலையில் கொத்தினான். அவனைப் பார்த்துக் கொக்குகளும் கிளம்பின. மறுகரையிலிருந்து புருஷன்காரனும் வந்துவிட்டான்.

உடும்பு தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். பொந்துக்குள் நுழையும் முன் திரும்பிப் பார்த்து, "ஆளைக் காட்டிக்கொடுக்குறவளே, ஆள்காட்டி" என்று வைதான். அந்தக் கண்மாயில் அதைவிடக் கேவலமான வசை கிடையாது.

"ஆமா, ஆள்காட்டிதான். போற எடமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிட்டுப் போ" என்றாள் அவள்.

சொன்னது அவள் காதிலேயே கீறலாக விழுந்தது. கூடு இல்லை, ஆனாலும் கீறல் இருந்தது. மயில் கரைமேல் நின்று, இனிக் காலைப் பாட்டில் உனக்கு இடமில்லை என்றது. அதை யார் கேட்டார்கள் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு இருந்த பயம் வேறு. இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு குஞ்சுகளோடு எப்படிப் பேசுவது? குனிந்து, மண் அப்பிய முட்டையில் அலகை வைத்து, கண்ணுகளா என்று மெல்லக் கூப்பிட்டாள். கீறல் இல்லை. உள்ளேயிருந்து ஒரு குஞ்சு கீச் என்றது.

குளவி அன்றைக்கு மடைச் சுவரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிற்பாடு கம்பி மீட்டிப் பாடுகிற ஒருவன் வந்து கூடு கேட்டபோது, பழுது என்று ஒதுக்கிய கூடுகளையும் சேர்த்தே காட்டினாள். கையில் எப்படிப் பிடிப்பது என்று அவன் கேட்டான். கைக்குக் காரியம் இருக்கிறதே, கால் சும்மாதானே கிடக்கிறது என்றாள், அது தன் யோசனை என்பது போல. இன்றைக்கும் அந்தப் பெட்டியை வாங்கப் போகிறவர்கள், எப்போதும் கிழிகிறது வேண்டுமா, அழுத்தினால் கீறுகிறது வேண்டுமா என்று காலால் மிதித்து மிதித்துப் பார்த்துத் திண்டாடுகிறார்கள்.

ஆள்காட்டிக்குப் பயம் மட்டும் போகவில்லை. உடும்பு போனால் கீரி வரும் என்று யோசித்தாள். முட்டைமேல் அப்பிய மண் காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிட்டதைப் பார்த்தாள். பசும்புல் மெத்தையில் அது பளிச்சென்று தெரிந்தது. முட்டைகளை அலகால் உருட்டி உருட்டிப் பொட்டலுக்குக் கொண்டுபோனாள். உடைந்த கூட்டின் சில்லுகளையும் கூழாங்கற்களையும் பொறுக்கி வந்து சுற்றிலும் பரப்பினாள். எட்ட நின்று பார்த்தாள். எது கல், எது முட்டை என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி புல்லை விட்டுப் பொட்டலில் கல்லோடு கல்லாகத் திட்டு விழுந்த முட்டை இடுகிறது. ஈர மண்ணைக் கண்டால் அந்தக் கூடு அங்கே இருக்கிறதா என்று ஒரு காலால் தட்டித் தட்டிப் பார்க்கிறது. குஞ்சோடு மெல்லப் பேசுகிற அதே வாயால், யார் வந்தாலும் எவர் வந்தாலும், வந்த ஆளைக் கண்மாய்க்கே கத்திக் காட்டிக்கொடுக்கிறது.